எதிரி: பெயர், விலாசம் தெரியாதவர்

பேர்ணாம்பட்டு. மே இரண்டு, மாலை நாலேகால்.
ஷாகிரா பானு வீட்டு சிமென்ட் ஷீட்டைப் பெயர்த்துக்கொண்டு
ஒரு கல்
ஷூவுக்கு வெட்டிப்போட்ட தோல்குவியலில் விழுந்தது.
டஜனுக்கு இவ்வளவு என்று தைத்துக்கொண்டிருந்த ஊசி
பெருவிரலில் ஏறி நின்றது.

புகாரை நான்தான் எழுதினேன்.
பதினாறு வருஷ ரைட்டர் வேலை எனக்குச் சொன்னது:
கல்லுக்குப் பின்னால் ஒரு கை இருக்கும்,
கைக்குப் பின்னால் ஒரு தெரு,
தெருவுக்குப் பின்னால் ஒரு கொடி.
போன வாரம்தான் ஊர்வலப் பாதை விஷயமாக
இரண்டு பக்கமும் உட்காரவைத்துப் பேசியிருந்தோம்.
குடியாத்தத்திலிருந்து வேன் வந்தது.
பஜாரில் ஷட்டர்கள் பாதி இறங்கின.
வேகாத பிரியாணி அண்டாவை
யாரோ கடைக்குள் இழுத்துப் போனார்கள்.

"எந்தப் பக்கத்திலேருந்து வந்துச்சு?"
விரலில் துணி சுற்றியபடி மேலே காட்டினாள்.
"சரிம்மா. மேலே, எந்தப் பக்கம்?"

வெங்காயக் கடைத் தராசில்
ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல்.
வெளியே தீய்ந்த தோசைக் கறுப்பு.
உடைந்த ஓரத்தில் சாம்பல்,
அதற்குள் கேழ்வரகு கேழ்வரகாய் உருண்டைகள்.
கல்லையே பார்த்து வளர்ந்தவன் நான், இந்த மலைகளில்.
இதை எனக்குத் தெரியவில்லை.
பறிமுதல் செய்த ஸ்பீக்கரின் காந்தம்
தானாகப் போய் அதில் ஒட்டிக்கொண்டது.

ராத்திரி ஸ்டேஷனில் தங்கியது,
சாராய கேனுக்கும் பாலாற்று மணல் மூட்டைக்கும் நடுவே
சீட்டுக் கட்டி.
மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்தேன்.
ஓடிவிடும் என்றா?

கல்கத்தாவிலிருந்து வந்தவர் கையுறை மாட்டிக்கொண்டு
பச்சைக் குழந்தையைப் போலத் தூக்கினார்.
பூமியைவிடக் கொஞ்சம் மூத்தது என்றார்.
"யாரும் எறியலை சார்."

யாரும் எறியவில்லை.
இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு
அப்படியே உட்கார்ந்தார், பெஞ்சில், புகார்தாரர்கள் பக்கம்.
பஜாரில் ஷட்டர்கள் ஏறும் சத்தம்
ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது.
இரண்டு தெருக்காரர்களும் ஒரே வரிசையில் முண்டி
செல்போனில் படம் எடுத்தார்கள்.

ரசீது கொடுத்து எடுத்துப் போய்விட்டார்கள்.
வழக்கை முடிக்க எனக்கு ஒரு வரி வேண்டும்.
'தகவல் பிழை' என்றால் அவள் பொய் சொன்னதாகும்.
கல் வந்தது நிஜம். ஓட்டை நிஜம்.
இரண்டு நாள் நாங்கள் பயந்தது
எல்லாவற்றையும்விட நிஜம்.

கையெழுத்து வாங்க நேற்றுப் போனேன்.
ஷீட் இன்னும் மாற்றவில்லை.
நஷ்டஈட்டு மனு தாலுகா ஆபீஸில் இருக்கிறது.
ஓட்டை வழியே வெயில் ஒரு தட்டு அளவுக்கு இறங்கி
தோல்மேல் நகர்ந்துகொண்டிருந்தது.
அவளும் கூடவே பாயை நகர்த்தினாள்.

"ஊசி கோக்க வெளிச்சம் நல்லா இருக்குது சார்.
மழைக்கு முன்னாடி போட்டாப் போதும்."