பதினாறு பவுண்டு

ஸ்டேங்கரில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் விற்றது.
ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. செய்த கம்பெனி மூடியாயிற்று.
எத்தனை சுட்டிருப்பீர்கள் என்றேன்.
அதிகமில்லை என்றார்,
சர்க்கரைக்காரர்கள் இனிப்பைப் பற்றி
என்னிடம் சொல்கிற அதே குரலில்.

உரிமம் வரப் பதினோரு மாதம்.
வந்த வாரமே சுடுதளத்துக்குப் போனேன்.
தோட்டாவின் வெற்றுக்கூடு ஒவ்வொன்றும்
எட்டு எட்டு தள்ளிப் பறந்து
வேலி தாண்டிக் கரும்புக்குள் விழுந்தது.
ஸ்லைடு பின்னால் வந்து மோதும்போதெல்லாம்
உள்ளங்கையில் சுத்தியல்.
"ஸ்பிரிங் செத்துவிட்டது, மா"
என்றான் தளம் பார்க்கும் ம்பூசோ.

ஞாயிறு மதியம், டோங்காட் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு
மாத்திரை எண்ணும் தட்டை ஒதுக்கி
அதைப் பச்சைத் துணிமேல் கிடத்தினேன்.
பார்சல் தராசில் நிறுத்தி அமுக்கினேன்.
பதினொன்று காட்டியது முள்.
சரி, பதினொன்றோடு ஒன்றிரண்டு கூட்டி வாங்குவோம் என்று
பேனாவை எடுத்தவள்
எதற்கும் இருக்கட்டுமென்று பூதக்கண்ணாடி வழியே பார்த்தேன்
(காலாவதித் தேதிகளைப் பொடியெழுத்தில் பிடிக்க
வாங்கி வைத்தது).
ஒரு முனை தேய்த்துத் தட்டையாக்கியது, ஆலையின் வேலை.
மறு முனையில் குறடு கடித்த தழும்பு.
யாரோ ஒரு சுற்றை வெட்டியிருக்கிறார்கள்.
எதற்கென்று போன் போட்டுக் கேட்கவில்லை.
வெட்டுண்ட முழக்கோலை வைத்து
எந்தத் துணியை அளக்க?

பைன்டவுன் டானி ஃபூரி மூன்று அனுப்பினார்,
பதினான்கு, பதினாறு, பதினெட்டு.
பவுண்டுக் கணக்கு.
கூடவே ஒரு சீட்டு:
பழைய துப்பாக்கி, பதினெட்டே போடுங்கள்,
உடம்பு அடிவாங்காது.
யார் உடம்பு என்று எழுதவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.
முப்பது வருஷமாய் மருந்து கொடுக்கிறேன்,
அந்தப் பழமொழி
அளவுக்குக் குறைந்ததைப் பற்றி
இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

பதினான்கு: கூடுகள் ஆறு எட்டில்.
சுத்தியல் சின்னதாகியிருந்தது, நிற்கவில்லை.

பதினெட்டு: ம்பூசோ முதலில் சுட்டான்.
பத்தும் சுத்தம், கூடுகள் அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில்.
என் கையில் மூன்றாவது தோட்டாவிலேயே
கூடு வெளியே போகாமல் ஸ்லைடின் வாயில் செங்குத்தாய்
மெய்ட்ஸ்டோன் ஆலைப் புகைக்கூண்டு மாதிரி நின்றது.
எடுத்துப் போட்டேன். ஏழாவதிலும் அதே புகைக்கூண்டு.
ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டா.

ஸ்லைடு பின்னால் ஓடப்
பிடித்த கை சுவராய் நிற்க வேண்டும்.
போன வருஷம் சரக்கறைப் படியில் சறுக்கி
இரண்டு ஆணி வாங்கிய இந்த மணிக்கட்டு
சுவர் இல்லை, தென்னந்தட்டி.
வசதியாய் அதை மறந்திருந்தேன்.
கையிருக்கிற ஆளையும் சேர்த்துத்தான்
ஸ்பிரிங் எடை.

பதினாறு.
ஐம்பது தோட்டா, பயிற்சிக்கான மலிவுச் சரக்கு.
பிறகு வீட்டில் பூட்டி வைக்கிற நல்லதில் இருபது.
ஒவ்வொரு கடைசித் தோட்டாவுக்கும் பின்
ஸ்லைடு திறந்தபடி நின்றது.
கூடுகள் மூன்று எட்டில்,
ஒரு துண்டை விரித்தால் எல்லாம் அதில் அடங்கும்.

"துப்பாக்கி சீக்கிரம் களைத்துப்போகும், பதினெட்டுதான் அதற்கு நல்லது"
என்றான் ம்பூசோ, கூடுகளைக் கூட்டிக்கொண்டே.
அதற்கு நல்லதுதான். மறுக்கவில்லை.

இரவு, மருந்துச் சீட்டொன்றில் எழுதி
இரும்புப் பெட்டியின் உள்கதவில் ஒட்டினேன்:
பதினாறு. மாட்டிய தேதி.
ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றவும்.
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்
என்ற வரி அச்சிலேயே இருந்தது.
காலாவதிச் சரக்குக் கூடையில்
வெட்டுண்டதைப் போட்டேன், இருமல் மருந்துகளோடு.

மணி எட்டு. சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போனது.
இருட்டில் பூட்டைத் தடவித் திருகினேன்,
வலது கையால்தான்,
ஆணி இரண்டும் முனகின.