தெருவுக்கு அடியில்

இந்த மாநிலத்தில்
வங்கிக்குக் கிளை கூடாது.
மரத்துக்கு உண்டு, ரயில் பாதைக்கு உண்டு,
லூத்தரன் சபைக்குக்கூட மூன்று உண்டு.
வங்கிக்கு ஒரு கட்டடம், ஒரு வாசல்.

பெரிய ஊர்க்காரன்
சின்ன ஊர்ச் சேமிப்பை உறிஞ்சிவிடுவான் என்று
சோளக்காட்டுக்காரர்கள் ஒருகாலத்தில் போட்ட சட்டம்.
பயம் நியாயமானதுதான்.

ஆனால் அறுபத்தொன்றில் எல்லோரிடமும் கார் இருந்தது.
இறங்க யாருக்கும் மனமில்லை.
எதிர்ச்சாரியில், தீவனக்கடை இடிந்த மனையில்,
ஓட்டகார் வோண்ட்ராக் கண்ணாடிக் கூண்டு ஒன்று கட்டினார்.
கூண்டுக்குள் மிலாடா.
கூண்டுக்கும் வங்கிக்கும் நடுவே, தெருவுக்கு அடியில்,
காற்றால் ஓடும் குழாய்.

என் வேலை அளப்பது.
தலைநகரிலிருந்து இரும்பு நாடாவோடு வந்தேன். பிப்ரவரி.
மறுமுனையைப் பிடிக்க முடிதிருத்துபவர் வந்தார்,
கையில் சோப்பு நுரை காயாமல்.
நூற்று நாற்பத்தேழு அடி.
எழுதிக்கொண்டேன்.

அடுத்தது விதி கேட்கும் கேள்வி:
பணம் எங்கே பெறப்படுகிறது?
கூண்டில் என்றால் அது கிளை, இடிக்க வேண்டும்.
உள்ளே மேசையில் என்றால்
இது வெறும் நீண்ட கை.
நீண்ட கைதான் என்று சத்தியம் செய்தார் வோண்ட்ராக்.
மிலாடா ஒன்றும் சொல்லவில்லை,
காலடி ஹீட்டரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு பன்றிப் பண்ணைக்காரர்
லாரியை அணைக்காமலே
எண்ணூற்றுப் பன்னிரண்டு டாலரைச் செருகினார்.
உருளை சீறிக்கொண்டு புறப்பட்டது.
போய்ச் சேரவில்லை.

நடுத்தெருவில் நின்று எல்லோரும் தாரைப் பார்த்தோம்.
கொடுத்தாயிற்று, வாங்கியாகவில்லை.
இப்போது அது யார் பணம்?
என் கையேட்டில் நானூறு பக்கம்;
தெருவின் அடிவயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ரசீது?" என்றார் அவர்.
வோண்ட்ராக் என்னைப் பார்த்தார்.
நான் நாடாவைச் சுருட்டினேன்,
தேவைக்கு மேல் மெதுவாக.

மிலாடாதான் தாளைக் கிழித்தாள்,
தொகை எழுதினாள், முத்திரை குத்தினாள்,
சன்னல் வழியே நீட்டினாள்.

அந்த 'டக்'கில் அது கிளையாகிவிட்டது.
எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரிந்திருக்கும்; நிமிரவில்லை.

இரவு விடுதியில் அறிக்கை எழுதினேன்:
தூரம் நூற்று நாற்பத்தேழு அடி.
குழாயைப் பழுதுபார்க்க வேண்டும்.
வேறு குறிப்பு ஏதும் இல்லை.

கடைசி முற்றுப்புள்ளியில்
பேனா கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டது.
மை பின்பக்கம்வரை ஊறியிருந்தது.
மேலதிகாரி அதைப் பற்றிக் கேட்கவில்லை.