இரண்டு விரற்கடை

கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு துணிக்கடையில்
நாள் முழுக்க மடிக்கிறேன்.
ஐந்தரை மீட்டரை நீளவாக்கில் இரண்டாக,
அகலவாக்கில் நாலாக,
முந்தி வெளியே தெரிய.
விரிக்கச் சொல்வார்கள், விரிப்பேன்.
வாங்காமல் போவார்கள், மடிப்பேன்.
இருபத்துமூன்று வயதில்
நான் மட்டும் மடியமாட்டேன் என்கிறேன்.

கால் நீட்டி உட்கார்ந்து குனிந்தால்
கணுக்காலுக்கு ஒரு சாண் முன்பே
நின்றுவிடுகின்றன விரல்கள்,
பூட்டிய பெரிய வீட்டு வாசலில்
கூரியர்க்காரன் நிற்பதுபோல.

பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும்
ரஹ்மத்நிஷாவுக்கு என் வயதுதான்.
"தொடணும்னு இல்லை. போகிற வரை போ.
அங்கேயே முப்பது எண்ணு.
மூச்சை விடும்போது மட்டும் இன்னும் கொஞ்சம்.
எம்பாதே. இழுத்தால் இரு, வலித்தால் வா."
சீட்டில் மாத்திரை எதுவும் எழுதவில்லை.
எனக்கு ஏமாற்றம்தான்.

ஒன்பது மணிப் பேருந்து, கோட்டையூர், மாடி அறை.
சுவரில் பாதம் ஒட்டி உட்கார்ந்து
ஆடி மாதம் விரல் நின்ற இடத்தில்
ஆத்தங்குடிக் கல்லின் பச்சைப் பூமேல்
கண் மையால் ஒரு கோடு இழுத்தேன்.
தீபாவளி நெருக்கத்தில்
கோட்டைக்கூட எட்டவில்லை.
பதினாலு மணி நேரம் நின்ற தொடைக்கு
எண்ணிக்கையாவது ஒன்றாவது.
பதினெட்டில் தூங்கிப்போனேன்,
மடக்கிய முழங்காலில் கன்னம் வைத்து.

"புதுக் கண்டாங்கி, முறைப்பாத்தான் நிக்கும்.
நாலு தண்ணி பார்த்தா உடம்போட வரும்க்கா."
தினமும் பத்துப் பேரிடம் சொல்லும் வசனம்.
கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம்
என் காதிலும் விழுந்தது.

தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே ஓர் இடம்.
கடை மூடும் நேரத்துக்கு
வலி அங்கேதான் வந்து உட்காரும்.
ஊரில் இருந்தவரை அக்கா தேய்த்துவிடுவாள்.
இங்கே ஸ்கேல் நுனியில் தைலம் தடவி
குத்துமதிப்பாகப் பூசுவேன்,
பாதி ஜாக்கெட்டுக்குப் போகும்.
அதற்கும் ஒன்று சொல்லித் தந்திருந்தாள் நிஷா:
முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டு,
மேல்முனை ஒரு கையில், கீழ்முனை மறு கையில்,
வாரத்துக்கு ஒரு விரல் நெருங்கினால் போதும்.
நெருங்குகிறதா என்று நான் பார்க்கவே இல்லை.
முதுகில் கோடு போட முடியாதே.

நேற்று ஸ்கேலைத் தேடச் சோம்பலாக இருந்தது.
கை தோளைத் தாண்டிப் போனது.
நடுவிரல் சரியாக
அந்த இடத்தில் இறங்கிற்று.
சுள்ளென்றது.
அறையில் யாரும் இல்லை,
யாரோ தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது.

கால்விரலுக்கு இன்னும்
இரண்டு விரற்கடை பாக்கி.
கிடக்கட்டும்.
அங்கே எனக்கு வலியா என்ன.