வில்லங்கம்

சீர்காழி சார்பதிவகத்தில்
பழைய தொகுதிகளைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
அடித்தால் போதும், படிக்க வேண்டாம்
என்றார் மேற்பார்வையாளர்.
படித்துவிட்டேன்.

1919, ஆவணி.
வைத்தியலிங்கம் பிள்ளை குமாரர் அகோரமூர்த்தி,
ஜீவனம் விவசாயம்,
கழுமலையாற்றுப் பாசனத்தில் மூன்று மா நஞ்சையை
'முத்துத்தீவு அரசி' என்னும் சங்கீத நாடகச் செலவுக்காக
சுத்தக் கிரயம் செய்கிறார்.

1923. நான்கு மா.
ஜீவனம் நாடக வாத்தியார்.
'கப்பலேறிய காந்திமதி'.
பன்னிரண்டு பிடில், இரண்டு கிளாரினெட்,
தரங்கம்பாடியிலிருந்து வண்டி கட்டி வந்த
கால் ஆர்மோனியம் ஒன்று.
இதெல்லாம் கிரயப் பத்திரத்தில் எதற்கு?
அவர் சொல்லச் சொல்ல
நிறுத்தத் தெரியாமல் எழுதியிருக்கிறார் பத்திர எழுத்தர்.

1928. களத்துமேடு, காய்க்கும் தென்னை ஐந்து.
ஜீவனம் சங்கீத நாடக கர்த்தா.
அந்த வார்த்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக.

பக்கங்களுக்கிடையில்
யாரோ அடையாளத்துக்குச் செருகிய சிவப்பு நோட்டீஸ்:
'இரவு ஒன்பது முதல் விடியும் வரை.
நாயகி உயிர்விடும் கட்டம் ஐம்பது நிமிஷம்.
கைக்குழந்தை உள்ள ஸ்திரீகள்
முன்கூட்டியே பால் கொடுத்துவிடவும்.'

ஐம்பது நிமிஷம்!
என் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில்
டோக்கனைக் கையில் பிடித்தபடி
மூன்று நிமிஷத்தில் போனார்.
ஐம்பது நிமிஷம் பாட
அவருக்கு என்ன இருந்திருக்கும்?
மஞ்சள் பையில் வைத்த ரேஷன் கார்டு ஞாபகமாக இருக்கட்டும்
என்றுதான் சொன்னார்.

அகோரமூர்த்தியின் ஒரு ஸ்வரம்கூட
நான் கேட்டதில்லை.
நீளம் மட்டும் தெரியும்.
நீளமும் அகலமும் சர்வே எண்ணும்.

எல்லாக் கிரயத்திலும் வாங்கியவர் ஒருவரே.
ஸ்திரீபார்ட் சிங்காரவடிவேல்.
அரசியாகச் செத்தார், மூன்று மா.
காந்திமதியாகச் செத்தார், நான்கு மா.
விஷம் குடித்து, கடலில் விழுந்து,
ஒருமுறை வெறும் துக்கத்தால் மட்டும் செத்து,
காலையில் அரிதாரம் கழுவி
பதிவகத்துக்கு வந்து
கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
முத்து முத்தான கையெழுத்து.
அந்தப் பெயரை அடிக்கும்போதெல்லாம்
விசையைக் குத்தினேன்.

1934. நாலாம் புத்தகம்.
திரை ஏழு, அதில் கடல் திரை எலி கடித்தது.
இடி இடிக்கும் தகரம் ஒன்று.
டோப்பா பதினொன்று.
பேசும்படக் கொட்டகைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொண்டார்,
கால் ஆர்மோனியம் நீங்கலாக.
ஜீவனம் என்ற இடத்தில்
ஒரு கோடு.

1936, தை.
இம்முறை எழுதிக் கொடுப்பவர் சிங்காரவடிவேல்.
தென்கரையில் ஒரு குச்சு வீடு,
அகோரமூர்த்திக்கு ஆயுள் பாத்தியம்,
'தங்கள்பேரில் எனக்குள்ள
பிரியத்தினாலும் அபிமானத்தினாலும்'.

ஆயிரம் தடவை அடித்த வரி இது.
அப்பன் மகளுக்கு, அண்ணன் தம்பிக்கு,
கோர்ட்டில் எதிரெதிரே நிற்பவர்களும்
ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் வரி.
அதன் கீழே
இரண்டு வரிக்கு நடுவில் இடுக்கி எழுதியிருந்தது:
'இரவு பத்து மணிக்குமேல்
ஆர்மோனியம் வாசித்துக்கொள்ளும் பாத்தியதையும் உண்டு.
இனிமேல் அவர் எழுதுவதை முதலில் பாடும் பாத்தியதையை
எனக்கே நிறுத்திக்கொள்கிறேன்.'

பிரியமா, பேராசையா?
விசைப்பலகையில் கை வைத்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

கணினியில் பாத்தியதை என்ற கட்டத்தில்
நான்கே வாய்ப்புகள்.
வழி. தண்ணீர். வெளிச்சம். காற்று.
காற்றைத் தேர்ந்தேன்.
துருத்தி மிதித்தால் வருவதுதானே?
பொய்யில்லை.

பிளாட் போடுகிறவர் நேற்று
அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் எடுத்தார்.
தாளை ஜன்னல் வழியே திருப்பி நீட்டி,
'மேடம், இந்தக் காற்றுன்னு போட்டிருக்கே,
இது இன்னும் இருக்குதா,
யார்கிட்டே போய்க் கையெழுத்து வாங்கணும்?'