கால் எட்டாத இடம்

ஒட்டுசுட்டான் சந்தியில் ரயர் ஒட்டுகிறவரிடம்
உழவு இயந்திரத்துப் பழைய ரியூப் ஒன்று
முந்நூறு ரூபாய்க்கு வாங்கினோம்.
இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டது.
"என்னத்துக்கு?" என்றார்.
"நீந்த" என்றாள் தவமலர்.
காற்றடித்து முடியும்வரைக்கும்
அவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முத்தையன்கட்டு அலைகரைக்குக்
காட்டுக்குள்ளால் ஒன்றரை மணித்தியால நடை.
அகலமான பாதை, லொறி போய்வந்த தடம்.
நாலு பேரும் தோளோடு தோள் போகலாம்.
போகவில்லை.
முன்னே கேமலதா, பிறகு யுகந்தினி,
அவள் மிதித்த இடத்தில் நான்,
கடைசியாக, ரியூபை மாலையாகப் போட்ட தவமலர்.
பாலைமரத்தில் என்னவோ குருவி கத்தியது.
ஒருத்தியும் அண்ணாந்து பார்க்கவில்லை.
பாதிவழியில் யுகந்தினிதான் நின்று சொன்னாள்:
"இண்டைக்கு லீவடி."

சிரித்தோம். பரவி நடந்தோம்.
ஐம்பது அடி போயிருப்போம்,
திரும்பவும் ஒரே வரிசை.

கிழமையில் ஆறு நாள்
ஒரு மீற்றர் ஒழுங்கைக்குள் முழந்தாளில் இருக்கிறோம்.
முகக்கண்ணாடிக்குள் எங்கள் மூச்சே எங்களுக்கு மழை.
கருவி கத்தினால் மண்ணைச் சுரண்டவேண்டும்,
பக்கவாட்டில், சிக்கெடுப்பதுபோல மெதுவாய்.
பெரும்பாலும் ஆணி. ரின்மீன் மூடி.
ஒருமுறை ஒரு பிள்ளையின் கொலுசு.
சிலவேளை, நாங்கள் தேடுகிற அது.
மண்ணை இவ்வளவு கிட்ட இருந்து
விதைக்கிறவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாசிமாதக் குளம். வான் பாய்ந்து ஓய்ந்துவிட்டது.
நடுத்தண்ணியில் செத்த மரங்கள்,
ஒவ்வொன்றிலும் நீர்க்காகம்.
"முதலை இருக்கோ அண்ணை?"
வலை உதறிக்கொண்டிருந்தவர்
"அது அந்தப் பக்கம்" என்றார்,
குளம் முழுவதையும் காட்டி.

சுரிதாரோடு இறங்கினோம்.
மேலே வெந்நீர், இடுப்புக்குக் கீழே கிணற்றுக் குளிர்.
விரலிடுக்கில் சேறு பிதுங்க
கால் தானாகத் தயங்கியது.
எதிலோ பட்டு நெஞ்சு நின்றது.
கல்தான்.
பிறகு தரை தன்பாட்டில் விலகிப் போய்விட்டது.

எட்டாத கால் என்ன செய்யும் என்று
அன்றைக்குத்தான் கண்டேன்:
ஆடும். சும்மா,
உயர வாங்கில் இருத்திய பிள்ளையின் கால்போல.

யானையை முதலில் கண்டது கேமலதா.
"பை" என்றாள், யானை என்று சொல்லாமல்.
எங்கள் செருப்புகளுக்கும் சோற்றுப் பார்சலுக்கும் நடுவில்
ஒரு தனியன்.
தோணியிலிருந்தவர் கையைத் தாழ்த்திக் காட்டினார்,
அப்பிடியே நில்லுங்கோ.
நிற்க எங்கே தரை?
ரியூபைப் பிடித்துத் தொங்கினோம்
நாலு காய் பிடித்த ஒற்றைக் குலையாக.

அது அவசரப்படவில்லை.
ஒவ்வொரு அடி வைக்குமுன்னும்
துதிக்கை நுனியால் தரையைத் தொட்டு,
ஊதி, மறுபடி தொட்டு.
"எங்கட ஆள்தான்" என்றாள் தவமலர் மூச்சுக்குள்,
"பயிற்சி எடுத்திருக்கு."
இடது முன்காலை அது முழுதாக ஊன்றவில்லை.
அதைப் பார்த்தபிறகு
கொஞ்ச நேரம் ஒருத்தியும் பகிடி விடவில்லை.

புளிச்சோறு, வாழைப்பழம், சம்பல்கூட.
செருப்புகளை விட்டுவைத்தது.
முக்கால் மணித்தியாலம்.
விரல் நுனிகள் சுருங்கின. ரியூபின் ஒட்டு
சின்னச் சின்னக் குமிழாய் மூச்சுவிட்டது.
யுகந்தினி தன் கலியாணம் குழம்பின கதையை
அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னாள்,
எழும்பிப் போக வழியில்லாத எங்களுக்கு.
மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தைக் கேட்டார்களாம்,
பிறகு வேலையைக் கேட்டார்களாம்,
பிறகு தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்களாம்.
சிரிக்கச் சிரிக்கத் தண்ணி வாய்க்குள் போனது.

"போட்டுது, இனி வாங்கோ பிள்ளையள்!"
ஒருத்தியும் அசையவில்லை.
"யானை போட்டுது எண்டு சொல்லுறன்!"
"தெரியும் அண்ணை" என்றாள் கேமலதா,
கண்ணைத் திறக்காமல், மல்லாந்து,
"கொஞ்சம் பொறுங்கோ."