தொட்டில் வரி

மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்
ஏரிக்கு அக்கரையிலிருந்து கணக்கர் வருவார்.
ஆயரின் முத்திரை தொங்கும் தோல்பை,
மூக்கில் எந்நேரமும் சளி.
நேற்றைய வாத்துக்கறி மிச்சம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான்
இந்த வருஷம் எத்தனை தொட்டில் என்று கேட்பார்.

தொட்டில் எப்போதும் ஒன்றுதான்.
அதில் மூன்று பேர் வளர்ந்து இறங்கினார்கள்.
வரி மரத்துக்கு இல்லை, பிள்ளைக்கு:
பிறந்த வருஷம் நான்கு குல்டன்.
எனக்குத் தனியே ஒரு குல்டன், வருஷா வருஷம்.
‘சமையல்காரி அப்பலோனியா’ என்று எழுதி
அடியில் ஒரு கோடு இழுப்பார்.
அந்தக் கோட்டுக்குத்தான் அந்தக் குல்டன்.

மன்னிப்பா இது என்று யோடோக்கைக் கேட்டேன்.
இல்லை என்றார்.
அனுமதியா?
அதுவும் இல்லை.
பிறகு என்ன?
காசை இன்னொரு முறை எண்ணினார்,
பூசையில் அப்பம் பிட்கும் அதே விரல்களால்.
‘வாடகை.’

ஊருக்கு எல்லாம் தெரியும்.
ஊர் கொடுத்த பத்தாவது கதிர்க்கட்டுதான்
சந்தையில் காசாகி
என் பிள்ளைகளுக்காக ஏரி தாண்டிப் போனது.
யாரும் முணுமுணுக்கவில்லை.
வீட்டில் ஒருத்தி இருக்கும் சாமியார்
நம் வீட்டுப் பக்கம் வரமாட்டார் என்று
மாவு மில்காரன் சொன்னானாம்.

எவன் எல்லைக்கல்லை நகர்த்தினான்,
எவள் பாலில் தண்ணீர் விட்டாள்,
எல்லாம் அவர் காதில் இறங்கும்;
என் காதுக்கு ஒன்றுகூட வந்ததில்லை.
தன்னுடையதை இறக்கிவைக்க
கணவாய் தாண்டி நான்கு மணி நேரம் நடப்பார்
ஹிலாரியுஸ் சாமியாரிடம்.
அங்கே தொட்டில் இரண்டு.
ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்டு
பனி இறங்குமுன் திரும்பிவிடுவார்,
கக்கத்தில் ஒரு பாலாடைக்கட்டியோடு.

நான்காவது லீன்ஹார்ட்.
ஆகஸ்டில் பிறந்தான். ஒன்பது வாரம்.
ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியதும் அவர்,
மண் போட்டதும் அவர்.
லத்தீன் ஓரிடத்தில் நின்றது.
சாமியாருக்கு வயசாகிறது, வார்த்தை மறக்கிறது
என்றாள் பக்கத்தில் நின்றவள்.
நான் சமையல்காரி.
கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

கணக்கர் வந்தார்.
தொட்டிலில் நான் வெங்காயம் கொட்டி வைத்திருந்தேன்.
நாலு குல்டன் என்று எழுதியும்விட்டார், சொல்லுமுன்.
சொன்ன பிறகு
வெங்காயத்தைப் பார்த்தார்,
‘பிறந்தது பிறந்ததுதான்’ என்றார்,
இறகை நாக்கில் தொட்டு
எழுதியதை அடித்தார்.
இரண்டு.
அன்று வாத்துக்கறி கேட்கவில்லை.

பிறகு பட்டணத்தில் புதுப் பிரசங்கம் வந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை, கோயில் வாசலில்,
நரைத்த தலையோடு எனக்குக் கல்யாணம்.
முணுமுணுக்காத ஊர்
அன்றைக்குத்தான் சிரித்தது;
சாப்பிட்டுவிட்டும் சிரித்தது.
கணக்கர் அதன்பின் வரவில்லை.
கணவாய்க்கு அப்பால் பழைய வழக்கமே.
ஹிலாரியுஸுக்கு வரி ஆறு குல்டன் ஆகிவிட்டதாம்.
போகக் கூடாது என்று பட்டணத்துச் சபை சொல்லிவிட்டது.
இனிப் பாவசங்கீர்த்தனம் வேண்டாமாம்,
நேரே கடவுளிடம் பேசிக்கொள்ளலாமாம்.
பேசுகிறார்.
என்றாலும் இலை உதிரும் மாதத்தில்
காலணிக்குக் கொழுப்பு தடவி
வாசலில் எடுத்து வைக்கிறார்.

ஆயரின் காகிதங்களை எரிக்கச் சபையார் வந்தபோது
எல்லாச் சீட்டையும் கொடுத்தேன்.
ஒன்றைக் கொடுக்கவில்லை.
எனக்கு எழுத்து தெரியாது.
அடித்த இடம் தெரியும்.
புதுப் பள்ளியில் படிக்கிற ஓட்டிலியா
விரல் வைத்து வாசித்தாள்:
‘சமையல்காரிக்கு ஒன்று. தொட்டில் ஒன்று, பாதி.’
பாதி என்றால் என்னம்மா?

பேர் இருக்கிறதா பார் என்றேன்.
இல்லை.
சீட்டு உப்புப் பெட்டியின் அடியில் கிடக்கிறது.
உப்பு தீரும்போது
அதன் மேலேயே புது உப்பைக் கொட்டுகிறேன்.