காரணம் என்ற கட்டம்

எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும்
ஒன்பதாம் வகுப்பும் ஒரே கூரைக்கடியில்.
மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள்.
காலணி அலமாரிகளுக்கு அடுத்து
மருத்துவத் தாதி என்று பலகை தொங்கும் என் அறை.
இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு,
அதன்மேல் முனகிக்கொண்டே இருக்கும் கெண்டி,
வருபவர் நிரப்ப ஒரு சீட்டு:
பெயர். நேரம். வெப்பம். காரணம்.

மிஸுஹோ முதன்முதல் வந்தது
ஒரு பிப்ரவரி, இரண்டாம் பாடவேளை.
வயிற்று வலி என்றாள்.
எந்தப் பக்கம் என்றேன்.
வயிற்றை விட்டுவிட்டு
ஜன்னலைக் காட்டினாள்.
ஜன்னலில் கடல்தான் இருந்தது.
முப்பத்தாறு புள்ளி நான்கு.
வகுப்புக்குத் திரும்பலாம் என்று எழுதி
முத்திரை குத்தினேன்.
அன்று என் கையெழுத்து அழகாக இருந்தது.
இப்போது சீட்டை எடுத்துப் பார்த்தால்
அந்த அழகுதான் உறுத்துகிறது.

ஆறு வயதுக்கு வலியின் வேறு முகவரி தெரியாது.
கழித்தல் வராத வலி,
மதியச் சாப்பாட்டில் பக்கத்து நாற்காலி நகர்ந்துபோன வலி,
சப்போரோ போன அம்மா திரும்பாத வலி,
எல்லாம் தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே.
வெப்பமானி பொய் சொல்வதில்லை,
காதுதான் கிடையாது.

இரண்டாம் வகுப்பு: வயிறு. பிப்ரவரி.
மூன்றாம் வகுப்பு: வயிறு. பிப்ரவரியில் மூன்று முறை.
நான்காம் வகுப்பில் தலைவலி.
பரவாயில்லை, மாறுகிறது என்று
நான் நிம்மதிப்பட்டதை எங்கே போய்ச் சொல்ல.
ஐந்தாம் வகுப்பில் எழுத்தே இல்லை,
காகிதம் கிழியும்வரை அழுத்திய
ஒரு பென்சில் கோடு.

அந்தக் கோட்டுக்குப் பிறகுதான்
எங்கே வலிக்கிறது என்று கேட்பதை நிறுத்தி
எப்போது என்றேன்.
கெண்டி இரண்டு முறை கொதித்து அடங்கியது.
சத்தம் நின்றதும் என்றாள்.

ஓகோட்ஸ்க் கடலில்
வடக்கிலிருந்து பனிப்பாளங்கள் மிதந்து வந்து
ஓரிரவில் கரையை அடைத்துவிடும்.
அலை நின்றுபோகும்.
படமெடுக்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.
படகுகள் கரையேறும்.
சிப்பி அள்ளும் அப்பா வீட்டுக்குள் இருப்பார்
மார்ச் முடியும்வரை, சுவரைப் பார்த்தபடி.
அடிக்க மாட்டார். திட்ட மாட்டார்.
பேசவும் மாட்டார்.
வெளியே ஒரு மௌனம், உள்ளே ஒரு மௌனம்,
நடுவில் சூப்பை உறிஞ்சும் ஓசைகூட எழுப்பாமல்
சாப்பிடப் பழகியிருந்தாள்.

வகுப்பாசிரியர் ஹொனாமி இருமுறை வீட்டுக்குப் போனார்.
நகராட்சியிலிருந்து ஒருவர் போனார்.
ஒரு வருடம் தேவலை. மறு வருடம் பழையபடி.
நான் செய்தது இவ்வளவே:
பிப்ரவரியில் கெண்டி வற்றாமல் பார்த்துக்கொண்டேன்.
ஏதாவது ஒன்று கொதித்துக்கொண்டிருக்கட்டும்.

ஏழாம் வகுப்பில் கதவை உதைத்துத் திறந்தாள்.
கோபம் என்று எழுதினாள்,
கட்டத்தைத் தாண்டி, வெப்பத்தின் மேலும் ஏறி.
காய்ச்சல் பார்க்கவா என்றேன்.
வேண்டாம், எனக்கே தெரியும் என்றாள்.
எட்டாம் வகுப்பில் வரவே இல்லை.
நல்லதா கெட்டதா புரியாமல்
காலணி அலமாரியில் அவள் இடத்தை
தினமும் ஒருதரம் பார்த்துவிட்டு வருவேன்.

நேற்று பனி வந்தது.
உயர்நிலைப் பள்ளித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்.
மிஸுஹோ வந்தாள், கதவுச்சட்டத்தை எட்டும் உயரத்தில்.
கட்டிலில் ஒன்றாம் வகுப்பு ரியோஜி
வயிற்றைப் பிடித்துச் சுருண்டிருந்தான்.
அவனை அவள் எதுவும் கேட்கவில்லை.
கெண்டியை எடுத்து நீர் நிரப்பி வைத்தாள்.
பிறகு உட்கார்ந்து எழுதினாள், வெகுநேரம்.
உடம்பு நன்றாக இருக்கிறது.
அலை நின்றுவிட்டது.
அப்பா இன்று காலை ஒரு வார்த்தை பேசினார்,
உப்பு எங்கே என்று.
கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறேன்.
கட்டம் போதாமல் சீட்டைத் திருப்பி
பின்பக்கமும் பாதி நிரம்பியிருந்தது.

ரியோஜி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.
பின்னாலும் எழுதலாமா என்றான்.